காப்புக் கட்டிய தோள்

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைமார் என்னிடம் திரும்பத் திரும்ப இரண்டு கேள்விகள் கேட்கிறீர்கள். ஆசனம் மட்டும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த ஆள் எப்படி உடம்பைத் தொட்டு நோவைப் போக்கத் தொடங்கினார் என்பது ஒன்று. வகுப்புத் தொடங்குமுன் ஏன் எல்லாரையும் வாய்விட்டுப் பாடச் சொல்கிறார் என்பது மற்றது. முதல் கேள்விக்குப் பதில் சுலபம், கைராசி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால், அந்தக் கை இரண்டையும் கட்டிப்போட்ட ஒரு திருவிழாவைச் சொல்லவேண்டும். ஓய்வுபெற்றவனிடம் கேள்வி கேட்டால் இப்படித்தான், கதையையும் சேர்த்துக் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். கொழும்பில், வெள்ளவத்தையில் கடற்கரையோடு ஓடும் ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஒரு மண்டபத்தில் வகுப்பு நடத்தினேன். வந்தவர்களில் பாதிப்பேர் கொள்ளுப்பிட்டிக் கந்தோர்களில் நாள் முழுவதும் குனிந்து எழுதும் கிளாக்கர்மார். ரயில் போகும்போது சுவர் அதிரும். உடனே எல்லாரும் கண்ணைத் திறப்பார்கள். "ஏன், எஞ்சினுக்கு நீங்களோ நிலக்கரி போடுறியள்?" என்று கத்துவேன். நல்ல வாத்தியார் என்று பெயர் இருந்தது. பொறுமையான வாத்தியார் என்று யாரும் சொன்னதில்லை.

அந்த வகுப்பில் ஒருவருக்கு முதுகு வளையவே மறுத்தது. எத்தனை விதமாகச் சொல்லியும் பயனில்லை. ஒருநாள் எரிச்சலில் போய் அவருடைய இடுப்புக்கு மேலே உள்ளங்கையை வைத்தேன். அமுக்கவில்லை, வைத்தேன், அவ்வளவுதான். மனுஷன் பெருமூச்சு விட்டுக்கொண்டு அப்படியே மடிந்தார். வாயால் மாதக்கணக்காகச் சொன்னதைக் கை ஒரு கணத்தில் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகுதான் மருதானையில் எண்ணெய் தேய்த்து உருவிவிடும் உழிச்சில் வைத்தியம் செய்த ஒரு மலையாளியிடம் போய்க் கேட்டுப் பழகினேன். பெரிதாகப் பேசாத மனிதர். "கையை வைத்த பிறகு யோசிக்காதே, வைப்பதற்கு முன்னால் யோசி" என்பதை மட்டும் அடிக்கடி சொல்வார். நான் தலையாட்டுவேன். அவருக்குத் தெரியாமல் கையை வைத்துவிட்டுத்தான் யோசிப்பேன்.

சாமி விஷயத்தில் எனக்குச் சண்டையும் இல்லை, சமாதானமும் இல்லை. மூச்சு மூக்கால் வருகிறது, மூக்கால் போகிறது, இடையில் சாமிக்கு என்ன வேலை என்று கேட்பேன். கேட்டவர்கள் சிரிப்பார்கள். சிரித்ததால் அது பெரிய உண்மை என்று நானும் நம்பிவிட்டேன்.

என்னிடம் இடுப்புப் பிடிப்புக்கு வந்து சுகமானவர்களில் ஒரு முதலாளி இருந்தார். புறக்கோட்டையில் துணிக்கடை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பாட்டன் காலத்தில் வந்த குடும்பம். கொட்டாஞ்சேனையில் உள்ள ஒரு முருகன் கோயிலுக்கு அந்தக் குடும்பந்தான் தர்மகர்த்தா. கோயிலின் பெயர் உங்களுக்கு வேண்டாம். ஒருநாள் காலை வகுப்பின் நடுவில் அவருடைய கார் வந்து வாசலில் நின்றது.

"மாஸ்டர், உடனே கிளம்புங்க. நம்ம குருக்களுக்குக் கை தூக்க முடியலை."

"இஞ்சை கூட்டிக்கொண்டு வந்திருக்கலாமே."

"அவரு வெளியே வரக்கூடாதுங்க. திருவிழா நடக்குது, காப்புக் கட்டியாச்சு."

காப்பு என்றால் என்னவென்று ஒரு குழந்தைக்குக்கூடத் தெரியும். திருவிழா தொடங்கும்போது குருக்களின் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டுவார்கள். கடைசி நாள் அதை அவிழ்க்கும் வரை அவர் கோயிலை விட்டுப் போகமாட்டார். இதெல்லாம் எனக்கும் தெரியும். தெரிந்ததை வைத்து ஒரு அடி மேலே யோசிக்கவேண்டும் என்பதுதான் தோன்றவில்லை.

கால்சட்டையோடு உள்ளே போகமுடியாது என்று வாசலிலேயே நிறுத்தினார்கள். யாருடையதோ வேட்டியைக் கட்டி, சட்டையைக் கழற்றிவிட்டுப் போனேன். குருக்கள் யாகசாலைக்குப் பக்கத்தில் பலகையில் இருந்தார். நடுத்தர வயது, நல்ல திடமான உடம்பு. வலது தோள் மட்டும் காதைத் தொடப்போவதுபோல மேலே ஏறி நின்றது. கொடியேற்றத்தன்று நீர் நிறைந்த கும்பத்தோடு யாரோ தடுக்கியபோது, கும்பம் நிலத்தில் விழாமல் ஒற்றைக் கையால் தாங்கிப் பிடித்தாராம். கும்பம் தப்பியது. தோள் பிசகியது.

பார்த்த உடனேயே எனக்கு வேலை விளங்கிவிட்டது. இரண்டு விரலை எங்கே வைக்கவேண்டும், எந்தப் பக்கம் இழுக்கவேண்டும், எல்லாம் கைக்கு முதலே தெரிந்துவிட்டது. குனிந்து கையை நீட்டினேன்.

"தொடாதேங்கோ மாஸ்டர்!"

குருக்கள் மட்டுமல்ல, சுற்றி நின்ற எல்லாரும் சேர்ந்து கத்தினார்கள். தவில்காரர் கூடத் தூணோரம் இருந்து எழும்பிவிட்டார். நான் சூடான சட்டியைத் தொட்டவன்போலக் கையை இழுத்துக்கொண்டேன்.

"காப்போடை இருக்கிற ஆளை வெளியாக்கள் தொடக்கூடாது" என்றார் குருக்கள். குரலில் கோபம் இல்லை, வெட்கம்தான் இருந்தது. "என்ரை மனிசியே கிட்ட வாறேல்லை. நீங்கள் வாயாலை சொல்லுங்கோ, நான் செய்யிறன்."

என் தொழிலில் எனக்கு இருந்த முழுச் சொத்தும் அந்தக் கைகள்தான். ஒரு கணம் திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன். முதலாளி என்னைத் தனியே கூட்டிக்கொண்டு போனார்.

"ஒளிக்காம சொல்றேன் மாஸ்டர். தேரன்னிக்கு வசந்த மண்டபத்துல அடுக்குத் தீபம் காட்டணும். எங்க தாத்தா செஞ்சு வச்ச விளக்கு, கனம் உங்களுக்குத் தெரியாது. அதை இவரு தலைக்கு மேல தூக்கி மூணு சுத்து சுத்தணும். பாதியில நின்னுதுன்னா ஊரே அபசகுனம்னு சொல்லும். அதனால முடியாதுன்னா முன்னாடியே சொல்லிடுங்க. காப்பை இவரு கையிலேருந்து அவிழ்த்து அவரு கையில கட்டிடுறேன்."

'அவர்' என்று காட்டியது, திருவிழாவுக்கு உதவியாக யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த குருக்களின் தம்பிமுறை உறவினர். திருவிழா நடுவில் காப்பு அவிழ்ந்த குருக்களை அந்தக் கோயில் மட்டுமல்ல, வேறு எந்தக் கோயிலும் கூப்பிடாது. இருந்த வீடு கோயில் வீடு. மனைவியும் மூன்று பெண்பிள்ளைகளும் பாத்திரம் பண்டத்தோடு ரயிலேற வேண்டியதுதான். முதலாளி கெட்டவர் அல்ல. கோயிலைப் பற்றிய பயம் அவருக்கு, குடும்பத்தைப் பற்றிய பயம் குருக்களுக்கு. இரண்டு பயமும் சேர்ந்து அந்த ஒற்றைத் தோளில் ஏறி இருந்தன.

"தேர் வரைக்கும் தாருங்கோ" என்றேன். "அதுவரைக்கும் சின்ன விளக்குகள் போதும் எண்டு சொல்லுங்கோ."

"தேரன்னிக்கு அடுக்குத் தீபந்தான், மாஸ்டர். அதுல பேச்சே இல்லை."

ஒத்துக்கொண்டேன். எப்படிச் செய்யப்போகிறேன் என்பது எனக்கே தெரியாது.

முதலில் செய்தது, நீங்கள் எல்லாரும் செய்யக்கூடியதுதான். தம்பிமுறைக் குருக்கள் முழுகி ஆசாரமாக நிற்பவர், அவர் தொடலாம். எனவே அவருடைய கையை என் கையாகப் பாவிக்கலாம் என்று நினைத்தேன். தள்ளி நின்றுகொண்டு "கொஞ்சம் மேலை, இல்லை, உள்ளுக்கு, மெல்ல" என்று கப்பலைத் துறையில் கொண்டுவந்து கட்டுகிறவன்போலக் கத்தினேன். பாவம், நல்ல மனிதர். ஆனால் மோதகத்துக்கு மா பிசைகிற கை. நான் மெல்ல என்றால் அவர் பாதியாக அமுக்குவார், அந்தப் பாதியே ஒரு ஆளுக்குப் போதும். குருக்கள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "போதும், விடுங்கோ" என்று நிறுத்திவிட்டேன்.

வெளியே வந்ததும் தம்பிமுறையார் என் பின்னால் வந்தார். "மாஸ்டர், முதலாளி என்ன சொன்னவர் எண்டு எனக்குத் தெரியும். நான் அண்ணையின்ரை இடத்துக்கு ஆசைப்பட்டு அமுக்கேல்லை. எனக்கு அது வேண்டாம். அவரைத் தேர் வரைக்கும் கொண்டுபோய் விடுங்கோ" என்றார். அந்தப் பெரிய உடம்பு குழந்தைபோல நின்றது. என் கையை இன்னொருவருக்கு இரவல் கொடுத்த பிழை என்னுடையது, அவருக்கு அதில் பங்கில்லை என்று சொல்லி அனுப்பினேன்.

அடுத்து வாயால் சொல்லிப் பார்த்தேன். தோளை இறக்குங்கோ என்றால் தலையை இறக்கினார். முழங்கையை உடம்போடு வையுங்கோ என்றால் மூச்சைப் பிடித்துக்கொண்டு மரம்போல நின்றார். நோகிற ஆளுக்குத் தன் தோள் எங்கே நிற்கிறது என்று தெரியாது. அதனால்தான் நாம் தொடுகிறோம். தொடாமல் எப்படி அதை அவருக்குக் காட்டுவது? அன்றைக்கு ட்ராமில் ஏறி, கோட்டையில் இறங்கி, ரயிலில் வெள்ளவத்தைக்குத் திரும்பும்போது எனக்கு அழுகை வந்தது. பெருமைக்காரனுக்கு வருகிற அழுகை. ஆளுக்கு நோவு என்பதற்காக அல்ல, என்னால் முடியவில்லையே என்பதற்காக.

அடுத்த நாள் பூசை முடிந்து நிற்கும்போது குருக்களின் மனைவி மடைப்பள்ளிப் பக்கத்திலிருந்து எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

"நோவு குறைஞ்சதோ எண்டு கேட்டா வாய் திறக்கிறாரில்லை, மாஸ்டர். இப்ப மந்திரத்தைக்கூட வாய்க்குள்ளைதான் சொல்லுறார். முந்தியெண்டா இஞ்சை அடுப்படி வரைக்கும் கேக்கும்."

மோரைக் குடித்து முடிக்கவில்லை. செம்பை அப்படியே திண்டில் வைத்துவிட்டு மாலைப் பூசைக்காகக் காத்திருந்தேன்.

வாழ்க்கையில் முதல் தடவையாகக் கோயிலில் முன்வரிசைக்கு அடித்துப் பிடித்துப் போனேன். இரண்டு கிழவிமார் முறைத்தார்கள். குருக்கள் சாமியைப் பார்த்தபடி, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். வெறும் மேல். இடது தோளிலிருந்து வலது இடுப்புக்குப் பூணூல் குறுக்கே கிடந்தது. மூச்சு விடும்போது அந்த நூல் முதுகில் மெல்ல ஏறி இறங்கியது. மந்திரத்தை முடித்தார், வாயை மூடினார், விளக்கை எடுத்தார். நூல் நின்றுவிட்டது. தோள் காதுக்கு ஏறியது. விளக்கு நெஞ்சுக்கு மேலே போகவில்லை. கீழே வைத்த பிறகுதான் நூல் மறுபடி அசைந்தது.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நோவில் கத்திவிடக்கூடாது என்று வாயைப் பூட்டிக்கொண்டு தூக்குகிறார். வாய் பூட்டினால் மூச்சும் பூட்டும். மூச்சுப் பூட்டினால் தோள் பூட்டும். அவருடைய பிசகு ஏற்கெனவே ஆறத் தொடங்கியிருந்தது. இப்போது கையைப் பிடித்து வைத்திருந்தது பயம்.

பூசை முடிந்ததும் போய்ச் சொன்னேன். "ஐயா, மந்திரத்தை முடிச்சுப்போட்டுத் தூக்காதேங்கோ. சொல்லிக்கொண்டே தூக்குங்கோ. அடுப்படி வரைக்கும் கேக்கவேணும்."

"நோவிலை கத்தினனெண்டா, மாஸ்டர்?"

"தவிலும் மணியும் அடிக்கேக்கை ஆர் கேக்கப்போகினம்? முருகனைத் தவிர."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். முருகனைப் பற்றி நான் பேசியது எனக்கே ஆச்சரியமாகத்தான் இருந்தது.

சொல்வது எளிது. விளக்கைக் கையில் எடுத்ததும் அவருக்குப் பயம் வந்து வாய் தானாக மூடிக்கொண்டது. பின்னால் நிற்கிற நான் தோளில் ஒரு விரலை வைத்தால் போதும், ஞாபகம் வந்துவிடும். அதைத்தானே செய்யக்கூடாது. பின்னால் நிற்கும் நான் அவர் கண்ணுக்குத் தெரியமாட்டேன், அவர் திரும்பிப் பார்க்கவும் கூடாது. சத்தம் ஒன்றுதான் அவரிடம் போய்ச் சேரும். தீபம் காட்டும்போது சனம் எல்லாம் கையைத் தலைக்கு மேலே தூக்கி அரோகரா என்று நீளமாகச் சத்தமிடும் அல்லவா? அதை நான் முதலில் தொடங்குவது என்று பேசிக்கொண்டோம். நூல் மேலே ஏறி, இறங்கத் தொடங்கும் கணத்தில் நான் குரல் கொடுப்பேன். கேட்டதும் அவர் வாயைத் திறந்து மந்திரத்தோடு தூக்குவார்.

சொல்லிவிட்டேனே தவிர, என் வாயில் அந்தச் சொல் வந்ததே இல்லை. முதல் நாள் ஒரு முனகல் வந்தது. பக்கத்தில் நின்ற கிழவி, "மோனை, வயித்துக்குள்ளை ஏதும் செய்யுதோ?" என்று கேட்டார். வகுப்பில் ஆட்களை அதட்டுகிற குரல் எங்கே போனது என்று தெரியவில்லை. குருக்கள் பூட்டிய வாய்க்கும் என் வாய்க்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று அப்போது நினைக்கவில்லை. பிறகு பல வருடம் நினைத்திருக்கிறேன். அடுத்த பூசைக்குக் கண்ணை அந்த நூலில் வைத்துக்கொண்டு, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, வந்தது வரட்டும் என்று கத்தினேன். சனம் பின்னால் சேர்ந்து பிடித்துக்கொண்டது. நூல் இறங்கியது. தோள் இறங்கியது. கர்ப்பூரத் தட்டு முகம் வரைக்கும் போனது.

வெள்ளவத்தையில் வகுப்பை மாணவர்களிடம் விட்டுவிட்டு நாளும் பொழுதும் கொட்டாஞ்சேனையில் கிடந்தேன். காலைப் பூசை, மாலைப் பூசை, நடுவில் நிழலில் இருந்துகொண்டு வெறுங்கையோடு அவரைப் பயிற்சி செய்ய வைப்பது. தட்டு, பிறகு ஒற்றை விளக்கு, பிறகு அதைவிடக் கொஞ்சம் கனமானது. முதலாளி என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார். "மாஸ்டர், எல்லார்க்கும் முந்தி உங்க அரோகராதான் கேக்குது. வெள்ளவத்தைக்காரங்க பார்த்தா என்ன சொல்லுவாங்க?"

"வைத்தியம், முதலாளி. வேறை ஒண்டுமில்லை" என்பேன்.

அது உண்மைதான். நான் சாமியைப் பார்க்கவே இல்லை. அத்தனை பூசைக்கும் முன்வரிசையில் நின்று, ஒரு மனிதனின் முதுகை மட்டும் பார்த்தேன். ஆனால் ஒரு விஷயம் உங்களிடம் சொல்லவேண்டும். அப்படிக் கத்திவிட்டு வெளியே வரும்போது என் சொந்த நெஞ்சுக்கூடு விரிந்து கிடந்தது. ஆண்டுக்கணக்காக மூக்கைப் பிடித்து எண்ணி எண்ணி விட்ட மூச்சு அப்படி முழுதாக வெளியே போனதில்லை. அதையும் வைத்தியக் கணக்கில் போட்டுவிட்டேன்.

தேர் நாள் வந்தது. வசந்த மண்டபத்தில் எள் போட இடமில்லை. முகத்துவாரத்திலிருந்து மீன்பிடிக் குடும்பங்கள், துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள், புறக்கோட்டை வியாபாரிகள், தேர் பார்க்க வந்த கத்தோலிக்க அயலவர்கள். முதலாளி பட்டு வேட்டியோடு வலப்பக்கம் நின்றார். அவருக்குப் பக்கத்தில் தம்பிமுறைக் குருக்கள். மடைப்பள்ளி வாசலில் குருக்களின் மனைவி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு நின்றார்.

அடுக்குத் தீபத்தைக் கொண்டுவந்து வைத்ததும்தான் அதன் கனத்தை உணர்ந்தேன். வெண்கலம், அடுக்கடுக்காகத் திரி, எல்லாம் எரிகிறது. குருக்கள் மந்திரத்தைத் தொடங்கினார். நூல் ஏறியது. நான் வாயைத் திறக்கப்போனேன்.

நான் குரல் கொடுக்குமுன், பின்வரிசையிலிருந்து யாரோ உற்சாகத்தில் அரோகரா என்று கத்திவிட்டார்கள். நூல் இன்னும் இறங்கத் தொடங்கவில்லை. சனம் முழுவதும் சேர்ந்து பிடித்துக்கொண்டது. பழக்கத்தில் குருக்கள் விளக்கைத் தூக்கினார், உள்ளே இழுத்த மூச்சோடு.

நெஞ்சு வரைக்கும் போனது. நின்றது. நூல் அசையவில்லை. தோள் பழையபடி காதுக்கு ஏறியது. விளக்கு நடுங்க, சுடர்களும் நடுங்கின. அரோகரா மெல்ல அடங்கியது. தவில்காரர் நிறுத்தவில்லை, ஆனால் குனிந்து எட்டிப் பார்த்தார். முதலாளியின் முகம் தம்பிமுறையாரின் பக்கம் திரும்பியது.

பிள்ளைகள், இந்த இடத்தைக் கவனியுங்கள். அவருக்கும் எனக்கும் இடையில் ஒரு கைநீளம்தான். முழங்கைக்குக் கீழே உள்ளங்கையை வைத்தால் விளக்கு மேலே போய்விடும், எனக்கு அதில் ஒரு துளியும் சந்தேகமில்லை. என் வலது கை உண்மையாகவே புறப்பட்டுவிட்டது. தொட்டால் தோள் தப்பும், காப்புப் போகும், குடும்பம் போகும். தொடாவிட்டால் எல்லாமே போகலாம். மருதானை மலையாளி சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாழ்க்கையில் முதல் தடவையாகக் கையை வைப்பதற்கு முன்னால் யோசித்தேன்.

புறப்பட்ட கையை அப்படியே மேலே கொண்டுபோனேன். மற்றக் கையும் கூடப் போனது. அடங்கிப்போன அந்தக் கூட்டத்தில் தனி ஒருவனாக, அடிவயிற்றிலிருந்து அரோகரா என்று குரல் விட்டேன். இந்தத் தடவை அது சைகை அல்ல. வேறு ஒன்றும் செய்ய வழியில்லாதவன் கூப்பிட்ட கூப்பிடு. முருகா, இவரை விட்டுவிடாதே என்பதைத்தான் அந்த ஒரு சொல்லில் வைத்தேன். மூச்சு முடியும் வரைக்கும் நீட்டினேன். முடிந்த பிறகும் நீட்டினேன்.

நூல் இறங்கியது.

குருக்களின் குரல் வெடித்துக்கொண்டு வந்தது. தவிலுக்கு மேலாலும் மணிக்கு மேலாலும் மந்திரம் கேட்டது, அடுப்படிக்கு மட்டுமல்ல, தெருவுக்கே கேட்டிருக்கும். தோள் தன் இடத்துக்கு இறங்க, கை அதன் வழியே ஏறியது. நெஞ்சு, முகம், தலைக்கு மேல். ஒரு சுற்று. அடுத்த சுற்று. மண்டபம் முழுவதும் கை தூக்கியது. தம்பிமுறையார் குழந்தைபோல அழுதுகொண்டே அரோகரா போட்டார். தப்பிவிட்டார், தப்பிவிட்டார் என்பதைத் தவிர மனதில் வேறு ஒன்றும் இல்லை.

மூன்றாவது சுற்றில் அந்த முதுகில் பார்ப்பதற்கு எனக்கு ஒன்றுமே மிஞ்சவில்லை. நூல் தன் பாட்டில் ஏறி இறங்கியது, தோள் தன் பாட்டில் வேலை செய்தது. வேலை முடிந்த கண் எங்கே போவது என்று தெரியாமல் விளக்கின் பின்னால் போனது. அப்போதுதான், இத்தனை நாளும் அந்த விளக்குகள் எல்லாம் எதைக் காட்டிக்கொண்டிருந்தன என்று பார்த்தேன். பூவுக்கும் நகைக்கும் நடுவில் ஒரு சின்ன முகம். என்னைப் பார்த்துச் சிரித்தது என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள், நானும் சொல்லவில்லை. நான் சிரித்தேன், அது உண்மை.

தேர் வீதி சுற்றி இருப்பிடத்துக்கு வந்த பிறகு முதலாளி என் முன்னால் வந்து நின்றார். இரண்டு கையையும் கூப்பினார். அடுத்த வருடத்துக்கும் இவர்தான் என்று பிறகு ஊருக்கே சொல்லிவிட்டார். மடைப்பள்ளிப் பக்கம் போனேன். "கேட்டுதோ அம்மா?" என்றேன். "கேட்டுது" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடிவிட்டார்.

திருவிழா முடியும் வரைக்கும் நான் அங்கேயிருந்து கிளம்பவில்லை. தேர் முடிந்தால் வைத்தியனுக்கு அங்கே வேலை இல்லை. இருந்தும் முன்வரிசையில் நின்றேன், கத்தினேன், யாரும் கேட்கவில்லை ஏன் என்று. இன்றுவரைக்கும் எங்கே இருந்தாலும் மாலைப் பூசைக்குக் குரல் விடாமல் எனக்கு நாள் முடிவதில்லை. நீங்கள் வகுப்பில் பாடுவது அதிலிருந்து வந்தது. எண்ணச் சொன்னால் மூச்சைப் பிடிக்கிறவர்கள், பாடச் சொன்னால் விடுகிறார்கள். யாரைப் பாடவேண்டும் என்பது உங்கள் விருப்பம். நான் யாரைப் பாடுகிறேன் என்று இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

கடைசி நாள் காப்பு அவிழ்த்தார்கள். மஞ்சள் கயிறு போன மணிக்கட்டோடு குருக்கள் வெளியே வந்து, பழைய பலகையில் எனக்கு முதுகைக் காட்டி இருந்தார்.

"இனித் தொடலாம் மாஸ்டர்" என்றார்.

முதல் நாளே எந்த இடம் என்று தெரிந்த அதே இடத்தில் இரண்டு விரலையும் வைத்தேன். தசை இளகிக் கிடந்தது. இழுக்க ஒன்றுமில்லை, அமுக்க ஒன்றுமில்லை. "என்ன, ஒண்டும் செய்யேல்லையே?" என்று கேட்டார். "செய்ய ஒண்டுமில்லை, ஐயா" என்றேன். ஆனாலும் கையை எடுக்க மனம் வராமல், அப்படியே கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டு நின்றேன்.